சிறுநீர்த் தொந்தரவோடு டாக்டரிடம் போகும் ஆண்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடக் கூடாது

“அடிவயிறு ஒரு மாதிரி இருக்கிறது டாக்டர்.”

இரண்டு வருடம் சகித்துக்கொண்டு, ஒருவழியாக டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான். சொல்ல நினைத்துப் போனது வேறு. ராத்திரி நான்கு தடவை எழுந்திருக்கிறேன், ஒன்றுக்குப் போக நின்றால் வருவதற்கே நேரமாகிறது, வந்தாலும் நூல் மாதிரி வருகிறது, போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடமே இன்னும் பாக்கி இருப்பது போல இருக்கிறது. இவ்வளவும் மனதில் வரிசையாக இருந்தது. அறையில் நர்ஸ் ஒருவர் நின்றிருந்தார், வாய் வரவில்லை. வயிறு என்றேன்.

வயிறு என்று சொன்னால் வயிற்றுக்குத்தானே வைத்தியம் நடக்கும்? அசிடிட்டி மாத்திரை, அப்புறம் வேறு மாத்திரை, அப்புறம் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி. மூன்று முறை பணமும் நேரமும் கொடுத்துவிட்டு, நான்காவது முறைதான் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகும் பல தப்பு செய்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எப்போது ஓட வேண்டும், என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும், எந்தச் சோதனையை எந்த நிலைமையில் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இங்கே இருக்கிறது.

1. முதலில், இது அவசரமா என்று பாருங்கள்

கீழே இருப்பதில் ஏதாவது ஒன்று இப்போது இருக்கிறதென்றால் மிச்சத்தைப் படிக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

விதையில் திடீரென்று கடுமையான வலி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் கடிகாரம் ஓடுகிறது. விதை தன் ரத்தக் குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்றுபோகும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். நேரம் ஏற ஏற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 12 முதல் 18 வயதுப் பையன்களிடம்தான் அதிகம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியாக வரும். கூடவே வாந்தியும் வரும். அந்த வயதுப் பையன் அப்பா அம்மாவிடம் என்ன சொல்வான்? “வயிறு வலிக்குது” என்றுதான் சொல்வான். ஐம்பத்தாறு வயதில் நானே அப்படித்தானே சொன்னேன். அதனால் வீட்டில் பையன் இருந்து, நள்ளிரவில் அடிவயிறு வலி, வாந்தி என்று எழுந்து வந்தால், கீழே வலிக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். வலி மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வேண்டாம். வலி தானாக விட்டுப்போனாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்; முறுக்கு அவிழ்ந்து மறுபடி விழக்கூடியது.

முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் சொட்டுக்கூட இறங்கவில்லை. ட்யூப் போட்டு இறக்கினால்தான் தீரும். இதில் பலர் செய்யும் தப்பு, நிறையத் தண்ணீர் குடித்தால் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று இரண்டு மூன்று சொம்பு குடிப்பது. அடைத்த குழாய்க்கு மேலே தொட்டியை நிரப்புகிற வேலை அது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் கிளம்புங்கள்.

விலாவுக்குக் கீழே கல் வலி, அதோடு குளிர் ஜுரம். கல் அடைத்த இடத்துக்கு மேலே கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் கல் வலிக்கு ஒருநாள் பொறுக்கலாம். ஜுரம் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலிப்பது. பின்னால் தள்ளிய முன்தோல் திரும்ப முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு நுனி வீங்குவது. விதைப்பைத் தோல் வேகமாக வீங்கிச் சிவந்தோ கறுத்தோ போய், காய்ச்சலும் வருவது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். முதுகு வலியோடு கால் தளர்ந்து, உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீரும் நின்றுவிடுவது. இந்தக் கடைசியில் பிரச்சினை முதுகெலும்பில் இருக்கிறது. அதுவும் அதே நாளில் பார்க்க வேண்டியதுதான்.

2. அவசரம் இல்லை, ஆனால் இந்த வாரமே போக வேண்டியவை

சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம். ஒரே ஒரு தடவை வந்தாலும் கணக்கில் சேர்த்தி. வலியே இல்லாமல் வந்தால் இன்னும் முக்கியம். வலி இல்லையே, மறுநாள் சுத்தமாகப் போகிறதே என்று நாம் நிம்மதி அடைகிறோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாத ரத்தமாகத்தான் முதலில் தலைகாட்டும். வந்துவிட்டு வாரக்கணக்கில் காணாமல் போகும், திரும்ப வரும். புகைப்பவர்களுக்கும் முன்பு புகைத்தவர்களுக்கும் அந்த ஆபத்து பல மடங்கு. ‘ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் இருக்கும்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்; அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் காரணம் தேட வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டாலோ, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்துக்கொண்டாலோ நிறம் மாறும் என்பது உண்மை. அதையும் டாக்டர் ஒரு சாதாரண யூரின் டெஸ்டில் பிரித்துச் சொல்லிவிடுவார். ஒரு சின்ன உபாயம்: நிறம் மாறியதைப் பார்த்ததும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் போகும் நாளில் சிறுநீர் தெளிவாக இருந்து தொலைக்கும்.

விதையில் வலியில்லாத கட்டி அல்லது கனம். விதைப் புற்றுநோய் 15 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. நமக்கு இன்னும் வயதாகவில்லையே என்று நினைப்பதற்கு இங்கே இடமே இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிற நோய் இது. சூடான தண்ணீரில் குளித்து முடித்ததும் விரலால் உருட்டிப் பார்ப்பது எளிது. பின்பக்கம் மேலே கயிறு மாதிரி தட்டுப்படுவது எல்லோருக்கும் இருப்பதுதான். விதையின் மேலேயே கல் மாதிரி ஒரு புள்ளி தட்டுப்பட்டால் போய்க் காட்டுங்கள்.

எரிச்சலோடு ஜுரம், அல்லது ஆணுறுப்பின் நுனியில் சீழ் போலக் கசிவு. சூட்டினால் வந்த நீர்க்கடுப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெண்களுக்கு நீர்த்தொற்று அடிக்கடி வரும். ஆணுக்கு வந்தால் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். கசிவு இருந்தால் துணைக்கும் சேர்த்து வைத்தியம் வேண்டும், இல்லாவிட்டால் அது இருவருக்குள்ளும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

விந்தில் ரத்தம் பார்த்தால் பயம் வரும். நாற்பது வயதுக்குக் கீழே ஒரு தடவை மட்டும் என்றால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். திரும்ப வந்தாலோ, வயது கூடியிருந்தாலோ காட்டுங்கள்.

அப்புறம் விறைப்பு குறைவது. இதை ஏன் இந்தப் பட்டியலில் சேர்த்தேன் என்று கேட்கலாம். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலம்தான்; இதயத்தின் ரத்தக் குழாய் 3 அல்லது 4. குழாய்களில் கொழுப்பு படியத் தொடங்கினால் எது முதலில் அடைபடும்? அதனால் விறைப்புக் குறைவு சில வருடங்கள் முன்கூட்டியே இதயத்துக்கு அடிக்கும் மணியாக இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சோதிக்காமல் வெறும் மாத்திரை வாங்கிப் போடுவது அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுவது போல. அதுவும் நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற விறைப்பு மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

3. தொந்தரவுக்குப் பெயர் வையுங்கள்

மேலே சொன்னது எதுவும் இல்லை, என்னைப் போல மெதுவாக வந்த தொல்லைதான் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். டாக்டர்கள் இதை இரண்டு மூட்டையாகக் கட்டுகிறார்கள். ஒன்று, தேக்கி வைப்பதில் தொல்லை: அடிக்கடி போவது, ராத்திரி எழுவது, வந்தால் அடக்க முடியாமல் ஓடுவது, ஓடும் வழியிலேயே கொஞ்சம் போய்விடுவது. இன்னொன்று, வெளியேற்றுவதில் தொல்லை: வரத் தாமதம், மெல்லிய தாரை, நின்று நின்று வருவது, முக்கி வெளியேற்றுவது, முடித்த பிறகும் சொட்டுவது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், எனக்கு இருந்தது. ஆனால் மருந்து வேறு வேறு. ‘யூரின் பிராப்ளம்’ என்று மொத்தமாகச் சொன்னால் எதுவும் சொல்லாத மாதிரிதான்.

இதற்கென்றே ஐ.பி.எஸ்.எஸ். என்று உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 35. கடந்த ஒரு மாதத்தை வைத்துப் பதில் போட வேண்டும். 7 வரை லேசான தொந்தரவு, 8 முதல் 19 நடுத்தரம், 20ம் அதற்கு மேலும் கடுமை. எனக்கு 17 வந்தது. அதில் எட்டாவதாக, மொத்தத்தில் சேராத கேள்வி ஒன்று உண்டு: இனி வாழ்நாள் முழுக்க இப்படியேதான் இருக்கும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான கேள்வி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப் பாதையைச் சுற்றி இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். அதன் வீக்கம் வயதோடு வருவது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த மாற்றம் தொடங்கியிருக்கும். அது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. சிக்கல் எதுவும் இல்லாதபோது, வைத்தியம் தேவையா என்பதை உங்கள் அவஸ்தைதான் முடிவு செய்கிறது, ஸ்கேனில் வரும் அளவு அல்ல.

வாய் வராது என்று தெரிந்தால் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள். நான்காவது முறை நான் அதைத்தான் செய்தேன்.

4. மூன்று நாள் அளந்து எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால் இதைச் செய்யுங்கள் என்பேன். செலவு ஏறக்குறைய இல்லை. மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரைந்து என் முதல் நாள் கணக்கே போனது.

மூன்று நாள், தொடர்ந்து இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒவ்வொரு தடவையும் நேரம், அளவு. குடித்தது என்ன, எவ்வளவு. அடக்க முடியாமல் ஓடினீர்களா, கசிந்ததா. படுத்த நேரம், எழுந்த நேரம். அவ்வளவுதான். வழக்கமாகக் குடிப்பதையே குடியுங்கள். டாக்டருக்குக் காட்ட வேண்டுமே என்று அந்த மூன்று நாள் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

இரவுக் கணக்குக்கு ஒரு விதி இருக்கிறது. படுக்கப் போகும் முன் போவது பகலில் சேரும். காலையில் எழுந்ததும் போகும் முதல் தடவை இரவில் சேரும், ஏனென்றால் அது தூங்கும்போது உற்பத்தியானது.

என் நோட்டில் ஓர் இரவு இப்படி இருந்தது: 12:10, 180. 2:40, 210. 4:05, 120. 6:15, 330. மொத்தம் 840 மில்லி. அன்றைய 24 மணி நேரக் கணக்கு 2000 மில்லி. அதாவது 42 சதவீதம் தூங்கும் நேரத்தில். வயதானவர்களிடம் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பிரச்சினை சிறுநீர்ப்பையில் மட்டும் இல்லை, இரவில் உற்பத்தியே அதிகம் என்று அர்த்தமாம். இளவயதுக்காரர்களுக்கு எல்லை இன்னும் கீழே. என் இரண்டு பக்கத்தை டாக்டர் அரை நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “ராத்திரி குறட்டை விடுவீர்களா? சாயங்காலம் கணுக்கால் வீங்குமா?” பகலில் காலில் தங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராகிறது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கும் இரவுச் சிறுநீர் கூடும். பிரஷருக்கு நீர் மாத்திரையை மாலையில் போடுபவர்களுக்கும் அப்படித்தான். எனக்கு அதெல்லாம் இல்லை. குடித்த வரிசையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: பத்து மணிக்கு மேல் முக்கால் லிட்டர் தண்ணீர். தலைமாட்டில் எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருப்பேன், எழும்போதெல்லாம் இரண்டு வாய். எந்த ஸ்கேனிலும் தெரியாத விஷயம்.

ஒவ்வொரு தடவையும் அளவு சரியாக இருந்து மொத்தம் மட்டும் மிக அதிகமாக, ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல் போகிறதென்றால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள். மொத்தம் சாதாரணம், ஒவ்வொரு தடவையும் 100 மில்லிக்குக் கீழே என்றால் கதை சிறுநீர்ப்பையிலோ புராஸ்டேட்டிலோ இருக்கிறது. இவ்வளவையும் ஒரு பிளாஸ்டிக் குவளை சொல்லிவிடுகிறது.

5. கையில் எடுத்துப் போக வேண்டியவை

மூன்று நாள் கணக்கு, கேள்வித்தாள் மதிப்பெண், பழைய யூரின், ரத்த, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில். ஸ்கேனுக்கு ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமோ அதைப் பதிந்த குறுந்தகடோ வேண்டும், இல்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், செலவு இரட்டிப்பு. முன்பு அறுவை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் தாள். காப்பீடு இருந்தால் வெளிநோயாளி சோதனைக்கு அது பொருந்துமா, முன் அனுமதி வேண்டுமா என்று போவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா, குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் உண்டா என்பதையும் வீட்டில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மருந்துப் பட்டியல். எல்லா மருந்தும், கடையில் கேட்டு வாங்கிய ஜலதோஷ மாத்திரை உள்பட. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் சிறுநீர்ப்பை வாயை இறுக்கும். தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் அழுத்தும் சக்தியைக் குறைக்கும். புராஸ்டேட் வீங்கியவர்கள் ஒரு ஜலதோஷ வாரத்தில் திடீரென்று அடைத்துப்போய் ட்யூபோடு படுத்திருப்பது அடிக்கடி நடக்கிற கதை. பட்டியல் எழுதச் சோம்பலாக இருந்தால் அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

6. எந்த டாக்டர்?

‘கிட்னி டாக்டர்’ என்று நாம் சொல்வதில் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். நெஃப்ராலஜிஸ்ட் சிறுநீரகத்தின் வேலைத்திறனைப் பார்ப்பவர்: கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறுவது, யூரினில் புரதம் போவது, டயாலிசிஸ். யூராலஜிஸ்ட் அறுவை சிகிச்சை நிபுணர்: கல், புராஸ்டேட், சிறுநீர்ப்பை, விதை, ஆணுறுப்பு எல்லாம் அவரிடம். பெயர்ப்பலகையைப் பார்த்து அவசரத்தில் டோக்கன் எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தப்பான அறையிலிருந்து திரும்பியவன் நான். டோக்கன் எடுக்கும்போதே ‘யூராலஜி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நேராக யூராலஜிஸ்ட்டிடம் போக வேண்டுமா? ரத்தம், கட்டி என்றால் ஆம். மற்ற தொந்தரவுக்கு வழக்கமான பொது மருத்துவர் போதும். சர்க்கரை, யூரின், கிரியாட்டினின் மூன்றையும் அவரே பார்த்துவிடுவார். அந்த ரிப்போர்ட்டோடு போனால் யூராலஜிஸ்ட்டிடம் ஒரு விசிட் மிச்சம்.

7. சோதனைகள்: வரிசையும் பொறிகளும்

யூரின் டெஸ்ட்தான் முதலில். முதல் சில சொட்டை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, கேட்டிருந்தால் ஆன்ட்டிபயாடிக் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். இரண்டு டோஸ் போட்டுவிட்டுக் கொடுத்தால் கிருமி வளராது, எது கிருமி என்றும் தெரியாது. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். சாம்பிளை வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். சீழ்க் கசிவுக்கான சோதனை மட்டும் இதற்கு நேர் எதிர்: அதற்கு முதலில் வரும் சிறுநீர்தான் வேண்டும். எந்தச் சோதனை என்று லேபில் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

ஸ்கேன். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது ஒரு தடவை, போய்விட்டு வந்த உடனே இன்னொரு தடவை. இரண்டாவதில்தான் எவ்வளவு மிச்சம் தங்குகிறது என்று தெரியும். இங்கே நான் விழுந்த பொறி: நிரம்ப வேண்டும் என்றார்களே என்று இரண்டு லிட்டர் குடித்துவிட்டு, வரிசை நகராமல், கால் மேல் கால் போட்டு நெளிந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் அடக்கினேன். அளவுக்கு மீறி விரிந்த பை ஒரே மூச்சில் சுருங்காது. மிச்சம் 180 மில்லி என்று வந்தது. ‘ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்’ என்று பேச்சு தொடங்கியது. பத்து நாள் கழித்து, சாதாரணமாக வரும் உணர்வில் எடுத்தபோது 60. ஆகவே முட்டுகிறது என்றால் வெட்கப்படாமல் கவுன்ட்டரில் சொல்லி முன்னால் போய்விடுங்கள். மிச்ச அளவு அதிகம் என்று வந்தால் ஒரே ஸ்கேனை வைத்து முடிவெடுக்காமல் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

யூரோஃப்ளோ. புனல் வைத்த இயந்திரத்தில் தனியாகப் போக வேண்டும், அது வேகத்தை வரைபடமாகப் போடும். வலி எதுவும் இல்லை. குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் அந்த வரைபடத்துக்கு மதிப்பு. உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 10க்குக் கீழே என்றால் அடைப்பாகவோ பையின் பலவீனமாகவோ இருக்கலாம், எது என்று இந்த இயந்திரத்துக்குத் தெரியாது. முக்காதீர்கள், வீட்டில் போவது போலவே போங்கள்.

பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது. என்னைத் தூங்கவிடாமல் அடித்தது இதுதான். நீர்த்தொற்று இருக்கும்போதே ‘முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்’ ஒன்றில் சேர்த்து எடுத்துவிட்டார்கள். 11.2 என்று சிவப்பு எழுத்தில் வந்தது. வழக்கமாக 4 வரை சாதாரணம் என்று லேப் தாளில் போட்டிருக்கும். அன்றிரவு முழுக்க இணையத்தில் தேடியதை எண்ணினால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. தொற்று ஆறி 6 வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 2.1.

அதனால் கவனியுங்கள்: நீர்த்தொற்று இருந்தால் 6 வாரம் தள்ளிப்போடுங்கள். விந்து வெளியேறியதிலிருந்தும், நீண்ட தூரம் சைக்கிள் மிதித்ததிலிருந்தும் 48 மணி நேரம் விடுங்கள். புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு ஆறு மாதத்தில் இந்த எண் ஏறக்குறையப் பாதியாகிவிடும், ஆகவே தாளில் 3 என்று இருந்தால் உண்மையில் 6 என்று டாக்டர் கணக்குப் போட வேண்டும். அதை அவருக்கு நினைவுபடுத்துவது உங்கள் வேலை. எண் கூடினால் புற்றுநோய் என்றோ, குறைந்தால் இல்லை என்றோ அர்த்தமில்லை. தொந்தரவே இல்லாதவர்கள் 50 வயது வாக்கில், குடும்பத்தில் அந்த நோய் இருந்தவர்கள் 45 வாக்கில், எடுக்கலாமா என்று டாக்டரிடம் பேசிவிட்டு எடுப்பது நல்லது. பேக்கேஜில் இலவசமாக வருகிறதே என்று எடுக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் ரத்தம் போனவர்களுக்கு இதோடு சி.டி. ஸ்கேனும், சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையும் சொல்வார்கள். சாதாரண ஸ்கேன் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேமரா சோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். சின்னக் கட்டிகளை ஸ்கேன் தவறவிடும். சி.டி.க்கு மருந்து ஏற்றுவார்கள் என்றால் சமீபத்திய கிரியாட்டினின் ரிப்போர்ட் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள்.

8. அந்த ஒரு நிமிடச் சோதனை

ஆசனவாய் வழியாக விரல் விட்டு புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பது. இதற்குப் பயந்துதான் பாதிப் பேர் போவதில்லை, நானும்தான். நடந்தது இவ்வளவு: இடப்பக்கம் திரும்பி முழங்காலை மார்பை நோக்கி மடக்கிப் படுக்கச் சொன்னார், கையுறை, ஜெல், மூச்சை மெதுவாக விடச் சொன்னார். முடிந்துவிட்டது என்றார். பத்துப் பதினைந்து நொடி இருக்கும். ஒன்றுக்கு வருவது போல ஓர் உணர்வு, அவ்வளவுதான், வலி இல்லை. வலித்தால் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கடும் வலி என்பது புராஸ்டேட்டில் தொற்று இருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். யாராவது அறையில் இருப்பது சங்கடம் என்றால் வெளியே இருக்கச் சொல்லிக் கேட்கலாம். முதல் நாளே அந்த நர்ஸைப் பற்றி நான் இப்படிக் கேட்டிருந்தால் எண்டோஸ்கோப்பி செலவு மிச்சம்.

9. மருந்து தொடங்கிய பிறகு எவ்வளவு நாள்?

டாம்சுலோசின் வகை மாத்திரை சில நாளிலேயே தாரையைத் தளர்த்தும். இரண்டு விஷயம் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இரவில் எழுபவர்கள் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். உச்சத்தில் விந்து வெளியே வராமலோ குறைந்தோ போகலாம். ஆபத்தில்லை, ஆனால் தெரியாமல் நடந்தால் மனிதன் ஆடிப்போவான். மூன்றாவதாக, கண்புரை அறுவை செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும். கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழித்திரை தளர்ந்து அறுவையில் சிக்கல் வரலாம்.

ஃபினாஸ்டரைடு வகை வேறு ரகம். புராஸ்டேட்டையே சுருக்க வேண்டும், அதற்கு ஆறு மாதம் பிடிக்கும். இரண்டு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்துவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. ஆன்ட்டிபயாடிக் கொடுத்திருந்தால் எரிச்சல் நின்றதும் நிறுத்தாதீர்கள். புராஸ்டேட் தொற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரைகூடக் கொடுப்பார்கள். கல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கும், சில வாரம் ஆகலாம். வலி நின்றுவிட்டது என்பதால் கல் வெளியேறிவிட்டது என்று எண்ணி மறு ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். அடைத்துக்கொண்டே அமைதியாக இருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் கல்லும் உண்டு.

மறுபடி பார்க்க வரச் சொன்ன தேதிக்கு முந்தின வாரம் குவளையை மீண்டும் எடுங்கள். ஆறு வாரம் மாத்திரை, தலைமாட்டு பாட்டிலைச் சமையலறைக்கு மாற்றியது, இரண்டும் சேர்ந்து என் நோட்டில் இரவுப் பகுதி இப்படி ஆகியிருந்தது: 2:50, 270. 6:00, 340. டாக்டர் மருந்தை மாற்றவில்லை. அடுத்த வருகை ஆறு மாதம் கழித்து என்று அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தார்.